வண்டியை விட்டு இறங்குறவங்க

கன்னிவாடியில இருந்து பேசுறேன். எங்க பக்கம் பந்தயம்னா இன்னைக்கும் முதல்ல ஞாபகம் வர்றது மாட்டு வண்டிதான். ஆனா இந்த எபிசோட் கார் ரேஸ் பத்தி. அதுலயும் ஜெயிச்சவங்க கதை இல்ல, சொந்தக் காசைப் போட்டு ஓட்டி ஒரு கட்டத்துல ஒதுங்குறவங்க கதை.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துல இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு இருக்கு. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைத்தான் ரேஸ் டிராக்கா பயன்படுத்துச்சு. ஓட்டினவங்கள்ல மில் முதலாளி வீட்டுப் பிள்ளைங்களும் சமஸ்தானத்து வாரிசுங்களும் இருந்தாங்க, கூடவே எஞ்சினைப் பிரிச்சு மேயத் தெரிஞ்ச மெக்கானிக்குங்க. வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குமதி அந்தக் காலத்துல குதிரைக்கொம்பு. அதனால ஃபியட், அம்பாசடர், ஹெரால்டுன்னு கையில கிடைச்சதைக் கழட்டி மாட்டி ஓட்டினாங்க.

இந்தச் சிக்கலைச் சரியா புரிஞ்சுகிட்டவர் கோவை கரிவரதன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். மாருதி 800 எஞ்சினை வச்சு 1980-களோட கடைசியில அவர் உருவாக்கின ஒற்றை இருக்கை கார்தான் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, உள்ளூர் மெக்கானிக்குக்கே பழகின எஞ்சின். என்னைக் கேட்டா, நம்ம ஊரு ரேஸ் வரலாற்றுல எந்தக் கோப்பையை விடவும் பெரிய விஷயம் இதுதான். 2005-ல் இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினதும் இந்த வண்டிதான். 1995-ல் கரிவரதன் விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையம் டிராக் அவர் பேர்லதான் இருக்கு.

எஞ்சின் மலிவாச்சு, சரி. டயர்? தீப்பிடிக்காத உடை? நுழைவுக் கட்டணம், வண்டியை ஏத்திட்டுப் போற லாரி, மெக்கானிக் கூலி? இடிச்சா இன்சூரன்ஸும் கைகொடுக்காது, சாதாரண கார் பாலிசியில பந்தயச் சேதம் சேராது. நானும் ரெண்டு சீசன் ஓட்டினவன்தான். மாசக்கணக்கா காசு சேர்த்துட்டுப் போவோம், ரெண்டாவது லேப்புல சின்ன ஹோஸ் கிளிப் கழண்டு எல்லாம் முடிஞ்சுரும். தோத்தா பரவால்ல, தோக்குற வரைக்குமாவது ஓடணும்ல? நிறைய பேர் ஒதுங்குறது பயத்துல இல்ல, இந்த எரிச்சல்ல.

காசு இருந்தா தப்பிச்சுரலாமா? அஜித்தைப் பாருங்க. 2003-ல் ஆசிய ஃபார்முலா பிஎம்டபிள்யூ, 2010-ல் ஐரோப்பாவுல ஃபார்முலா டூ. அப்புறம் பல வருஷ இடைவெளி. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸுக்குச் சொந்த டீமோட போனார். பயிற்சியில வண்டி மோதி நொறுங்குச்சு. இந்த மாதிரி ரேஸ்ல ஒரே காரைப் பல பேர் மாத்தி மாத்தி ஓட்டணும், ஒருத்தர் தடுமாறினா மத்தவங்க உழைப்பும் போச்சு. டீம் நல்லதுக்காக அந்தக் காரை ஓட்டுறதுல இருந்து அவர் விலகிக்கிட்டார். உரிமையாளரா கூடவே நின்னார், ஜிடி4 பிரிவுல வேற டீமோட காரையும் ஓட்டினார். அவர் இறங்கின கார் தன்னோட பிரிவுல மூணாவதா வந்துச்சு.

படத்துல மாஸ் சீனைவிட இது எனக்குப் பெருசா தெரிஞ்சுது. கார் சொந்தம், டீம் சொந்தம், கேள்வி கேட்க ஆளே இல்லாத இடத்துல சீட்டை விடுறது லேசு இல்ல.

நான் ஓட்டுறதை நிறுத்தியாச்சு. இப்ப ரேஸ் அன்னைக்கு இருட்டோட கன்னிவாடியில இருந்து கிளம்பிப் போயி, பசங்க வண்டிக்கு டயர்ல காத்து பார்க்குறேன். ஹோஸ் கிளிப் ஒரு டப்பா நிறைய கையோட கொண்டு போயிருவேன்.