‘உது ஆற்றையும் காரில்லை, மாமா’

2004ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோவில் என் அக்கா வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மருமகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறை. காலை தொடங்கி இரவு வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ‘வைஸ் சிட்டி’ என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பான். பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது என்று உறையில் அச்சிட்டிருந்தது. அக்கா அதை வாசித்தாரோ இல்லையோ, நான் வாசித்தேன். ஆனாலும் அருகிருந்து பார்த்தேன்.

திரையில் ஒருவன் வீதியில் நடக்கிறான். ஒரு கார் வருகிறது. மருமகன் முக்கோணக் குறியுள்ள பொத்தானை அழுத்துகிறான். கதவு திறக்கிறது, சாரதி வெளியே இழுத்து எறியப்படுகிறான், கார் பறக்கிறது. எல்லாம் மூன்று விநாடி. சிறிது தூரம் போனதும் அந்தக் காரை விட்டிறங்கி இன்னொன்றைப் பறிக்கிறான். ஒரு மணித்தியாலத்தில் நாற்பது கார்களாவது கைமாறியிருக்கும்.

“ஆற்றையடா இந்தக் கார்?” என்று கேட்டேன்.

“உது ஆற்றையும் காரில்லை, மாமா. கேம் தானே” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த விடை என்னோடு இருக்கிறது. இக்கட்டுரை அதற்கு நான் எழுதும் மறுமொழி.

முதலில் அந்த விளையாட்டின் கதை. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் என்ற நிறுவனம் 1995 அளவில் ‘ரேஸ் அன்ட் சேஸ்’ என்ற பெயரில் ஒரு கார் விளையாட்டைத் திட்டமிட்டது. ஆடுபவர் பொலிஸாகவும் இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம் என்பதே எண்ணம். பொலிஸாக ஆடுவது சலிப்பூட்டியது. வீதி விதிகளை மதித்து ஓடவேண்டியிருந்தது. திருடனாக ஆடுவதே சுவைத்தது. ஆகவே பொலிஸ் பக்கம் கைவிடப்பட்டது. 1997இல் விளையாட்டு வெளிவந்தபோது அதன் பெயர் ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’. அது அமெரிக்கப் பொலிஸாரின் சொல். கார்த் திருட்டு என்ற குற்றத்தின் பெயர். விளையாட்டு விற்பனைக்கு வருமுன்பே, 1997 மே மாதத்தில், பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் அதுபற்றிக் கேள்வி எழுந்தது. கண்டனம் விளம்பரமாயிற்று. 2001இல் வந்த மூன்றாம் பாகம் முப்பரிமாண நகரம் ஒன்றைத் தந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பாகம் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளது.

இதன் புதுமை கார் ஓட்டுவதில் இல்லை. கார் ஓட்டும் விளையாட்டுக்கள் அதற்கு முன்னும் இருந்தன. அவற்றில் ஆடுபவருக்கு ஒரு கார் தரப்படும். இங்கே எதுவும் தரப்படுவதில்லை. வீதியில் ஓடும் எல்லாக் கார்களும் அவனுடையவை, கை நீட்டினாற் போதும். பின்னர் வந்த ‘மாஃபியா’, ‘சேன்ட்ஸ் றோ’ போன்ற பல விளையாட்டுக்களும் இதே வழியிற் சென்றன. பறித்தல் அங்கே குற்றம் என்பதைவிட நடையைப்போல ஓர் அசைவு.

இந்த விளையாட்டு திருடர்களை உருவாக்குகிறது என்று நான் சொல்லவரவில்லை. காரைப் பறித்துக் குற்றம் செய்யும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. 1911 டிசெம்பர் 21ஆந் திகதி பாரிஸின் ஒர்தெனர் வீதியில் வங்கிச் சேவகர் ஒருவரைச் சுட்டுப் பணத்தைப் பறித்த கூட்டம், முன்னரே திருடி வைத்திருந்த டெலோனே பெல்வில் காரில் தப்பியது. துரத்திப் பிடிக்கப் பொலிஸாரிடம் அதற்கீடான வாகனம் இல்லை. பொன்னோ குழு என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. அவர்கள் வெறுங் கொள்ளையர் அல்லர். சொத்துடைமையே திருட்டு என்று நம்பிய அரசின்மைவாதிகள். 1912 மார்ச் 25ஆந் திகதி, விற்பனையான ஒரு புதுக் காரைத் தெற்கே கொண்டுபோய்க்கொண்டிருந்த சாரதியை வழிமறித்துச் சுட்டுக் கொன்று, அந்தக் காரிற்போய் ஷாந்தியி நகர வங்கியைக் கொள்ளையிட்டார்கள். கொல்லப்பட்டவர் முதலாளி அல்லர். பிறர் காரைக் கூலிக்கு ஓட்டியவர்.

பாரிஸிலிருந்து எங்களூருக்கு வருகிறேன். அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதே கதை தொடங்கிற்று.

1975 யூலை 27ஆந் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்த யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். பிரபாகரனும் கூட்டாளிகளும் துரையப்பாவின் காரிலேயே ஏறித் தப்பினார்கள். 1978 ஏப்ரில் 7ஆந் திகதி முருங்கன் பகுதிக் காட்டில் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் அவருடன் வந்தோரும் கொல்லப்பட்டபோதும், கொன்றவர்கள் வெளியேறியது பொலிஸார் வந்த காரிலேயே. அன்று இறந்த நால்வரில் ஒருவர் அந்தக் காரின் சாரதி. 1981 மார்ச் 25ஆந் திகதி நீர்வேலியில் மக்கள் வங்கிப் பணம் வந்த வாகனம் வழிமறிக்கப்பட்டு, இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு, சுமார் 80 இலட்சம் ரூபா பறிக்கப்பட்டது. அவ்வழக்கிற் கைதான தங்கத்துரை எங்கள் தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1981 ஏப்ரிலில் குட்டிமணியுடன் மணற்காட்டிற் பிடிபட்டார். 1983 யூலை 25ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

1983 யூலைக்குப் பின் இயக்கங்கள் பெருகின. எல்லோருக்கும் வாகனம் வேண்டியிருந்தது. எவரிடமும் போதிய வாகனம் இல்லை. ஆகவே ஊரிலிருந்த கார்கள், வான்கள், மோட்டார் சைக்கிள்கள் கைமாறத் தொடங்கின. அதற்கு ஊரார் வழங்கிய சொல்லைக் கவனியுங்கள். களவு என்று எவரும் சொல்லவில்லை. பறிப்பு என்றுகூட உரத்துச் சொல்லவில்லை. “பொடியள் காரை எடுத்துப் போட்டினம்” என்றுதான் சொன்னோம். எடுத்தல் என்ற சொல்லிற் குற்றமும் இல்லை, உரிமையாளரும் இல்லை. வேலியிற் பூ எடுப்பதுபோல.

எங்கள் ஊரில் வாகனம் என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டும். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் என்று ஐதீகம் சொல்லும் நீரேரியின் கரையில் இருக்கிறது செல்வச்சந்நிதி முருகன் கோயில். புதிதாக வாகனம் வாங்கினால் முதலிற் சந்நிதிக்குக் கொண்டுவந்து பூசை செய்விப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வாய்கட்டிப் பூசை செய்யும் ஐயர் கொடுக்கும் திருநீறு காரின் முன்கண்ணாடியில் ஏறும். அடியார்களை ஏற்றியிறக்கும் வாடகைக் கார்கள் மரநிழலில் வரிசையாக நிற்கும். இன்ன கார் இன்னாருடையது என்று சிறுவர்களுக்கும் தெரியும். இலக்கத் தகட்டைப் பார்க்கத் தேவையில்லை, இயந்திரச் சத்தமே போதும்.

இலக்கத் தகடும் வெறுந்தகடன்று. 1957இல் வாகனத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958இல் அந்த எழுத்துடன் பேருந்துகள் வடக்கே வந்தபோது தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசினர்; தெற்கிற் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. ஒரு கார் எவருடையது, எந்த ஆண்டினது என்பதையெல்லாம் அதன் தகடு சொன்னது. அதுவே பின்னர் ஆபத்துமாயிற்று.

என் தந்தையார் அந்த வரிசையில் நின்றவர்களுள் ஒருவர். அவருடையது ஒஸ்ரின் ஏ 40. ‘ஸ்ரீ’க்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடு. அதை ஓட்டித்தான் அக்காவையும் என்னையும் படிப்பித்தார்.

1984இல் ஓர் இரவு எங்கள் படலை தட்டப்பட்டது. எனக்குப் பதின்மூன்று வயது. நான்கு இளைஞர்கள். எந்த இயக்கம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஐயா கேட்கவும் இல்லை. அவர்களில் ஒருவன் மிக மரியாதையாகப் பேசினான்.

“ஐயா, காரின்ரை திறப்பைத் தாங்கோ. விடியமுதல் கொண்டுவந்து விடுறம்.”

ஐயா உள்ளே போய்த் திறப்பை எடுத்துவந்தார். கொடுத்தபின் அவர் சொன்னதுதான் இன்றும் காதில் நிற்கிறது.

“தம்பி, ரெண்டாவது கியர் லேசிலை விழாது. கிளச்சை ரெண்டுதரம் மிதிச்சுப் போடுங்கோ. பாலத்தடியிலை பிறேக்கைச் சடாரெண்டு பிடியாதேங்கோ, ஒருபக்கம் இழுக்கும்.”

அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். கார் படலையைத் தாண்டும்போது இரண்டாவது கியர் கரகரத்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

விடிந்தது, கார் வரவில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்வதா என்ற கேள்வி அன்று வீட்டில் எழுந்தது. செய்தால் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் வரும். அக்காலத்தில் அந்தப் பெயருக்கு மின்கம்பத்திற் தண்டனை காத்திருந்தது. செய்யாவிட்டால், அந்தக் காரில் எவரேனும் எதையேனும் செய்துவிட்டால், உடந்தை என்ற பெயர் வரும். ஐயா முறைப்பாடு செய்யவில்லை. ஒன்பதாம் நாள் அவரை ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். காரை ஏன் கொடுத்தாய், களவு போயிருந்தால் ஏன் அறிவிக்கவில்லை என்ற இரண்டு கேள்விகளையும் மூன்று நாள் மாறிமாறிக் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபின் அவர் வலக்காதாற் சரியாகக் கேட்டதில்லை. இயந்திரச் சத்தத்தை வைத்து நோய் சொல்லும் மனிதர் அவர்.

கார் திரும்பவே இல்லை. அவர் பின்னர் பிறருடைய வானைக் கூலிக்கு ஓட்டினார். 1990இல் எரிபொருட் தடை வந்தது. குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயிற் புகைகக்கி ஓடின, அதுவும் இல்லாதவை கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டன. அப்போது ஐயா ஒருநாள் சொன்னார்: “எங்கடை கார் இருந்திருந்தாலும் இப்ப சும்மாதான் நிண்டிருக்கும்.” ஆறுதலுக்காகச் சொன்னதென்று எங்களுக்குத் தெரியும்.

மருமகன் ஆடிய விளையாட்டில், காரைப் பறித்தால் திரையின் மூலையில் நட்சத்திரங்கள் ஏறும். ஒன்று, இரண்டு என்று ஆறுவரை. நட்சத்திரம் கூடக்கூடப் பொலிஸ், பின் சிறப்புப் படை, பின் இராணுவம் என்று துரத்தும். வண்ணக்கடையில் காரின் நிறத்தை மாற்றினால் நட்சத்திரங்கள் மறைந்துவிடும். எனக்கு வியப்பளித்தது இதுதான்: அங்கே பறித்தவனையே துரத்துகிறார்கள். எங்கள் ஊரில் நட்சத்திரங்கள் உரிமையாளரின் தலைக்குமேல் ஏறின. பறித்தவர்கள் நிறத்தையும் தகட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய இலக்கம் பதிந்திருந்த ஏட்டில் எங்கள் ஐயாவின் பெயர் மட்டும் மாறாமல் இருந்தது.

இன்னொன்று. அந்த விளையாட்டில் எவரும் எந்தக் காரையும் ஏறியவுடன் ஓட்டலாம். கியர் விழாத கார் அங்கில்லை. வெளியே எறியப்பட்ட மனிதர் சில வேளை எதிர்த்து வருவார், பெரும்பாலும் ஓடுவார். கார் தெருமுனை திரும்பியதும் கணினி அவரை அழித்துவிடும். நினைவகத்தில் இடம் மிச்சம். அது நிரலின் தேவை. வரலாறு எழுதுபவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. ஆயினும் எங்கள் போராட்ட வரலாறென்று நான் வாசித்த நூல்களிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. ஒரு தாக்குதலுக்கு எந்த வகை வாகனத்திற் போனார்கள் என்று எழுதியிருக்கும். அது எவரிடமிருந்து எடுக்கப்பட்டது, அவர் பின்னர் என்ன ஆனார் என்பது இராது. துரையப்பாவின் கார் நினைவில் நிற்பது அதன் உரிமையாளர் மேயர் என்பதால். ஏ 40 ஓட்டியவர்கள் தெருமுனையில் மறைந்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதும் நானும் இன்றுவரை அவர்களைப்பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பிறரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை.

2023ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். இப்போது மார்க்கத்தில் வீடு, ஒரு பெண்குழந்தை. “மாமா, விடிய எழும்பிப் பாத்தா வாசல்லை காரைக் காணேல்லை” என்றான். வீட்டினுள் இருந்த திறப்பின் சமிக்ஞையைக் கருவியொன்றாற் பிடித்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். கண்ணாடி உடையவில்லை, சத்தமும் இல்லை. அந்த ஆண்டு மட்டும் கனடாவில் வாகனத் திருட்டுக்கான காப்புறுதிக் கோரிக்கைகள் 150 கோடி டொலரைத் தாண்டின. திருடப்பட்டவற்றுட் பல கொள்கலன்களில் மொன்றியல் துறைமுகம் வழியாக மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போயின. 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே அரசு ஒரு மாநாடு கூட்டிற்று. ரொறன்ரோப் பெருநகரப் பகுதியை ஆங்கிலத்திற் சுருக்கினால் ஜி.ரி.ஏ.; அவன் சிறுவயதில் ஆடிய விளையாட்டின் சுருக்கமும் அதுவே. அங்குள்ள செய்தித்தாள்கள் இந்தச் சிலேடையை விடவில்லை.

காப்புறுதிப் பணம் சில வாரங்களிற் கிடைத்தது. அவனை வருத்தியது வேறொன்று. “பிள்ளையின்ரை சீற் உள்ளுக்கை இருந்தது, மாமா. எடுத்தவன் அதைப் பாத்திருப்பான்தானே?” என்று கேட்டான்.

பார்த்திருப்பான் என்றேன்.

சிறிதுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு கேட்டான்: “அம்மப்பாவின்ரை கார் என்ன நிறம்?”

இருபது ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்கிறான். கருநீலம் என்று சொன்னேன். இரண்டாவது கியரைப் பற்றியும் சொன்னேன்.

வாசக நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி எடுக்கப்பட்ட ஒரு வாகனம் இருந்திருக்கலாம். அதை ஓட்டியவர் உயிருடன் இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்: எந்தக் கார், என்ன நிறம், எந்த ஆண்டில் வாங்கியது, எந்த இரவில் எடுக்கப்பட்டது, அதற்குப்பின் வீட்டில் என்ன நடந்தது. இலக்கம் நினைவிருந்தால் அதையும் சேருங்கள். எங்களுடையது எனக்கு நினைவில்லை. ஐயாவைக் கேட்டு வைத்திருக்கலாம், கேட்கவில்லை.