வாந்தி நிறுத்தும் ஊசியின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே புனேயில் என் துணைவியாருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. முந்தின நாள் மாலை வந்த மயக்க மருந்து டாக்டர், "கண்டாலா காட் ஏறும்போது உங்களுக்கு பஸ்ஸில் வாந்தி வருமா?" என்று கேட்டார். பித்தப்பைக்கும் கண்டாலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அந்த வியப்பில் தேடிப் படித்ததையே அன்பர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊர் சசூன் மருத்துவமனையில் 1924 ஜனவரி 12 இரவு காந்தியடிகளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது யாவரும் அறிந்ததே. எரவாடா சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட அவருக்குக் கர்னல் மேடாக் கத்தி வைத்தார். நடுவில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கொளியில் வேலை முடிந்தது. சம்மதக் கடிதத்தை எழுதியவர் நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அந்தக் காலத்தில் மயக்கம் தெளிந்து எழும் நோயாளி வாந்தி எடுப்பது சர்வ சாதாரணம். ஈதர் கொடுத்தால் நாலில் மூன்று பேருக்கு அந்தப் பாடுதான். புதுத் தையல் இழுபடும். வாந்தி மூச்சுக்குழலில் போனால் உயிருக்கே ஆபத்து. இன்று நாம் அறிந்த தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை அன்று கிடையாது.

1960களில் மெட்டோக்ளோப்ரமைடும் டிராபெரிடாலும் வந்தன. வேறு நோய்களுக்காக 1950களின் இறுதியில் பிறந்த டெக்ஸாமெதாசோனும் பிற்பாடு இதற்குப் பயன்பட்டது. கிளாக்ஸோ நிறுவனத்தின் ஒன்டான்செட்ரான் 1991ல் அமெரிக்க அனுமதி பெற்றது. விலையோ எட்டாத உயரம். நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டுமே தந்ததால், நம் கம்பெனிகள் அதைத் தாங்களே தயாரித்தன. மருந்துக்கடையில் 'எமிசெட்' என்று கேட்கிறோமே, அதுதான் இது.

இவற்றுள் எது சிறந்தது? இங்கேதான் கதை சிக்கலாகிறது. ஜப்பானிய டாக்டர் யோஷிதாகா ஃபுஜி, கிரானிசெட்ரான் என்ற புது மருந்தைப் பழையவற்றோடு ஒப்பிட்டுக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார். கிராங்கே, ஆப்ஃபெல் முதலிய ஜெர்மானிய மருத்துவர்கள் 2000த்திலேயே ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள்: இந்தக் கணக்குகள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றனவே! கட்டுரைக்குக் கட்டுரை, தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை எல்லாக் குழுவிலும் ஒன்றாகவே இருந்ததாம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷம்!

இதே ஆப்ஃபெல்தான் 1999ல் அந்த கண்டாலா கேள்விக்கு வழிசெய்தவர். பெண்ணாயிருத்தல், புகை பிடிக்காமை, முன்பே ஆபரேஷனுக்குப் பின்போ பயணத்திலோ வாந்தி வந்திருத்தல், பின்னால் மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுதல் என நாலே அடையாளங்கள். ஒன்றுமில்லாவிட்டால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வாந்தி. நாலும் இருந்தால் எண்பது பேருக்கு. (நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டும் எடுத்த எடுப்பிலேயே கிடைத்துவிடுகின்றன!)

2004ல் அவர் குழு 5,199 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனையில் ஒன்டான்செட்ரான், டிராபெரிடால், டெக்ஸாமெதாசோன் மூன்றுமே ஏறக்குறைய 26 சதவீதம் வாந்தியைக் குறைத்தன. விலை உயர்ந்ததும் மலிவானதும் ஒரே தட்டில்! ஆகவே பாதுகாப்பானதை அல்லது மலிவானதை முதலில் கொடுங்கள் என்றார்கள். 26 சதவீதம் என்றால் எண்பது பேர் ஏறக்குறைய அறுபதாவார்கள். பத்துப் பேர் ஏழாவார்கள். யாருக்குத் தேவை என்று பார்க்காமல் எல்லாருக்கும் குத்துவது வீண்செலவு என்பதே என் எண்ணமும்.

இங்கிலாந்தின் ஜான் கார்லைல் 2006ல் 737 ஆய்வுகளைத் தொகுத்து, எட்டு மருந்துகள் பலனளிக்கின்றன என்றார். அவரே மறுபடி உட்கார்ந்து ஃபுஜியின் 168 ஆய்வுகளில் நோயாளிகளின் வயது, எடை போன்ற எண்களைக் கூட்டிப் பார்த்தார். தற்செயலாக இப்படி அமையவே அமையாது என்று 2012ல் காட்டினார். அவ்வாண்டே ஜப்பான் மயக்கவியல் சங்கம் 212 கட்டுரைகளை ஆராய்ந்து 172 பொய் என்றது. மூன்றே மூன்றுதான் சந்தேகமில்லாமல் தேறின.

தொகுப்பு வேலை திரும்ப நடந்தது. 2020ல் 585 ஆய்வுகள், 97,516 நோயாளிகளுடன் புதிய ஒப்பாய்வு வந்தது. அதிலும் ஒன்டான்செட்ரானும் மலிவான டெக்ஸாமெதாசோனும் உறுதியாகவே தேறின. என் துணைவியாருக்கு அன்று போட்டதும் இந்த இரண்டும்தான்.