சேர்த்தலும் விடுதலும்: மறதிநோய் இல்லங்களும் இந்தியக் குடும்பங்களும்

நோயாளியை மருத்துவமனையில் 'சேர்க்கிறோம்'. பிள்ளையைப் பள்ளியில் 'சேர்க்கிறோம்'. முதியவரை இல்லத்தில் மட்டும் 'விட்டுவிடுகிறோம்'. இந்தியிலும் இதே வேறுபாடு உண்டு. மருத்துவமனைக்கு 'பர்த்தி', முதியோர் இல்லத்துக்கு 'சோட் ஆனா'. வங்காளிகள் 'ரேகே ஆஷா' என்பர். வைத்துவிட்டு வருதல் என்று பொருள். அது சற்றே மென்மையான சொல்லாயினும் அதிலும் திரும்பி வருபவர் ஒருவர், அங்கேயே தங்கிவிடுபவர் ஒருவர். இவ்வினைச்சொற்களில் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. மறதிநோய் கண்ட தாயையோ தந்தையையோ கணவரையோ பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் குடும்பம், அத்தீர்ப்பைச் சுமந்துகொண்டே அவ்வில்லத்தின் வாசலுக்கு வருகிறது. அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது, அதற்குச் சான்று உண்டா என்பதே இப்பதிவின் கேள்வி.

கூட்டுக்குடும்பம் சிதைந்தது, ஆகவே இல்லங்கள் பெருகின என்பது பாடநூல்களும் பட்டிமன்றங்களும் ஓதும் வரலாறு. மறதிநோயைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறான வரலாறு என்பது என் துணிபு. நமக்குக் கிடைக்கும் ஆய்வுகள் காட்டுவது வேறொன்று. குடும்பம் பல்லாண்டுகள் வீட்டிலேயே பார்த்துக்கொண்ட பின்னரே இல்லத்தைத் தேடுகிறது. தேடும்போது கதவு திறப்பதில்லை. திறந்த பிறகும் அது கைவிடுதல் என்றே பெயர் பெறுகிறது.

முதலில் பழிச்சொல்லின் வரலாறு. அலோயிஸ் அல்சைமர் 1906இல் தியூபிங்கன் நகரில் தம் நோயாளியைப் பற்றி உரையாற்றியதும், 1910இல் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டியதும் மருத்துவ வரலாறு. இந்தியத் தெருக்களில் அதற்கு வெகுகாலம் முன்பே சொற்கள் இருந்தன. இந்தியில் அறுபதைத் தாண்டியவரின் தடுமாற்றம் 'சடியானா'. வங்காளியில் எழுபத்திரண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பாஹாத்துரே'. மலையாளத்தில் குழந்தைத்தனத்தைக் குறிக்கும் 'சின்னன்'. இவை நோய்ப்பெயர்கள் அல்ல, வயதின் பெயர்கள். மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் காசியில் களப்பணி செய்து 1998இல் வெளியிட்ட நூல், முதியவரின் புத்தித் தடுமாற்றம் அங்கே மூளையின் கோளாறாக அன்றி, மோசமான குடும்பத்தின் அடையாளமாகவே பேசப்பட்டதைக் காட்டியது. மகனும் மருமகளும் சரியாகப் பணிவிடை செய்திருந்தால் கிழவர் இப்படிப் புலம்புவாரா என்பதே அக்கம்பக்கத்தாரின் கேள்வி. கோவாவில் விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்ஸும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்விலும் இதே குரல் கேட்டது. அறிகுறிகளை எல்லாரும் அறிந்திருந்தனர்; ஆனால் அதை மருத்துவர் பார்க்கவேண்டிய நோயாக எவரும் கருதவில்லை. பிள்ளைகளின் அன்பின்மையும் புறக்கணிப்புமே காரணம் என்றனர்.

இங்கே சற்று நிற்கவேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும்போதே, நோய்க்குக் காரணமே நீதான் என்று சுட்டப்படும் ஒரு மருமகள், பிறகு இல்லத்தை நாடும்போது அவள்மீது சுமத்தப்படும் பழி புதியதன்று. பழைய பழியின் இரண்டாம் தவணைதான். திருச்சூர் பகுதியில் கே. எஸ். ஷாஜியும் உடன் ஆய்வாளர்களும் பராமரிப்பாளர்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பராமரித்தோருள் பெரும்பாலோர் பெண்களே. வீட்டில் பலர் இருந்தும் வேலை ஒருத்தியின் தோளில் விழுந்தது. 'குடும்பம் பார்த்துக்கொண்டது' என்று எழுதும் வரலாற்றாசிரியர் அந்த எழுவாயைச் சற்று ஐயுறுவது நல்லது.

அடுத்து, கதவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலனிய மனநல விடுதிகளின் ஆண்டறிக்கைகளில் 'டிமென்ஷியா' என்ற தலைப்பு உண்டு. மாணவர்கள் இதைக் கண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது. அன்று அச்சொல் முற்றிய பித்துநிலை எதையும் குறித்தது. முதுமை மறதியை மட்டும் அன்று. 1912ஆம் ஆண்டின் இந்தியச் சித்தப்பிரமைச் சட்டம், உறவினரிடம் உரிய பராமரிப்பு இல்லாதபோதே குற்றவியல் நடுவர் தலையிடலாம் என்றது. அதாவது உறவினரே இயல்பான காப்பாளர். அரசு கடைசியில் வருவது. இன்னொரு புறம் அறநிறுவனங்கள். பிரான்சில் தொடங்கிய 'ஏழைகளின் சிறு சகோதரிகள்' சபை 1882இல் கல்கத்தாவுக்கு வந்து ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் அமைத்தது. அவ்வழி வந்த இல்லங்கள் யாருமற்ற ஏழைகளுக்கானவை. குடும்பம் உள்ளவர் அங்கே செல்வது எவரும் நினைத்துப் பார்த்த ஒன்றன்று. நடுத்தரவர்க்கத்துக்கான கட்டண முதியோர் இல்லங்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். கொல்கத்தாவில் அவற்றை ஆராய்ந்த சாரா லாம்பின் 2009ஆம் ஆண்டு நூல் இதற்கு இன்றும் நல்ல வழிகாட்டி.

ஆனால் இவ்வில்லங்கள் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவருக்கே இடமளித்தன. படுக்கையை நனைப்பவர், இரவில் எழுந்து உலவுபவர், தன் அறை எதுவென்று மறந்து பிறர் அறைக்குள் நுழைபவர் ஆகியோருக்கு அனுமதியில்லை. மேலே சொன்ன கோவா ஆய்வு இதையும் பதிந்தது. மறதிநோயாளரே இல்லங்களிலிருந்து விலக்கப்பட்டனர். யாருக்கு இல்லம் மிகவும் தேவையோ அவருக்கே அது மூடியிருந்தது. ஆகவே இல்லங்களின் எண்ணிக்கை கூடியதைக் காட்டி, மறதிநோயாளரைக் குடும்பங்கள் கைவிட்டன என்று வாதிடுவது, விற்பனைக்கே வராத பொருளை வாங்கிவிட்டதாகக் குற்றம்சாட்டுவது போன்றது.

இந்திய மனநல வரலாற்றில் வேறொரு மரபும் இருந்தது. நம் வாதங்களில் அது போதிய இடம் பெறவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நோயாளியைச் சேர்க்கும்போது குடும்பத்தையும் சேர்த்தார் எனலாம். பின்னர் வேலூரிலும் பெங்களூரிலும் குடும்பத்தார் உடன்தங்கும் சிகிச்சைமுறை வளர்ந்தது. மேலை நாடுகள் வியந்து நோக்கிய முறை இது. ஆள்பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாடு என்று அதைக் குறைத்துச் சொல்வாரும் உளர். பிறப்பு எதுவாயினும், சேர்த்தல் என்பது பிரித்தலாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருந்தது. மறதிநோய் இல்லங்கள் உருவானபோது அவை பின்பற்றிய முன்மாதிரி இதுவன்று. மேலை நாட்டுப் பராமரிப்பு இல்லத்தையே அவை நோக்கின.

அவை உருவான கதை கேரளத்தில் தொடங்குகிறது. 1992இல் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் குரியாகோஸ், இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கத்தை நிறுவினார். தம் தந்தைக்கே மறதிநோய் வந்த அனுபவம் அதற்குப் பின்னணி. இது தற்செயலன்று. அக்காலத்தில் இத்துறையை அரசோ பல்கலைக்கழகமோ தொடங்கி வைக்கவில்லை. பராமரித்துக் களைத்த குடும்பமே தொடங்கி வைத்தது. 1998இல் கொச்சியில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் '10/66' ஆய்வுக்குழு உருவாயிற்று. மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்பது அப்பெயரின் பொருள். 2005இல் பிளெஸ்ஸியின் 'தன்மாத்ரா' திரைப்படம் மலையாளிகளின் வரவேற்பறைக்குள் அந்நோயின் பெயரைக் கொண்டுவந்தது. 2010இல் பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை, மறதிநோய்க்கெனத் தனி உறைவிட மையத்தைத் திறந்தது. 2014இல் கேரள அரசு 'ஸ்மிருதிபதம்' திட்டத்தைத் தொடங்கியது. எர்ணாகுளம் மாவட்டம் எடவனக்காட்டில் அரசு ஆதரவுடன் முழுநேர இல்லம் அமைந்தது அதன் பகுதியே.

எண்ணிக்கை பற்றி ஒரு வரி. 2010ஆம் ஆண்டின் இந்திய மறதிநோய் அறிக்கை 37 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காடு, அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்றது. இரண்டும் வெவ்வேறு முறைகளில் பெறப்பட்டவை; ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 'வளர்ச்சி' காட்டாதீர்கள். எந்த எண்ணை எடுத்தாலும் மறதிநோய்க்கென உள்ள படுக்கைகள் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இந்தச் சில கதவுகளுள் ஒன்று திறந்தால் குடும்பத்துக்கு என்ன நேர்கிறது? பணம் முதற்கேள்வி. பெருநகரத் தனியார் இல்லங்களில் மாதச் செலவு பல பத்தாயிரம் ரூபாய். முன்வைப்புத் தொகை தனி. மருத்துவக் காப்பீடு மருத்துவமனை உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அப்படியே. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவைத் தாங்கும், இல்லத்தில் தங்குவதைத் தாங்காது. அப்படியானால் நோயாளியின் சொந்தச் சேமிப்பிலிருந்தே செலவிடலாமே என்பீர்கள். அங்கேதான் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதன் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் மனநலம் குன்றியதும் அவர் அளித்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அம்மா கையெழுத்திட்டுத் தந்த அதிகாரப் பத்திரம், அம்மாவுக்கு அது மிகவும் தேவைப்படும் நாளில் செல்லாததாகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் எளிய முறையில் காப்பாளரை நியமிக்க வழி தந்தாலும், அது எடுத்துக்கொண்ட நிலைகளுள் மறதிநோய் இல்லை. ஆகவே மகள் நீதிமன்றப் படியேறுகிறாள். அல்லது பலர் செய்வதுபோல், வங்கி அட்டையின் இரகசிய எண்ணை வைத்துக்கொண்டு சட்டத்துக்கு வெளியே பராமரிக்கிறாள்.

சட்டம் மற்றோரிடத்திலும் அவளைச் சந்திக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அதன் 24ஆம் பிரிவு, முற்றாகக் கைவிடும் நோக்கத்துடன் முதியவரை எங்கேனும் விட்டுச்செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற கணக்கில், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்க'லாம்' என்கிறது. குடும்பத்தின் கடமைக்குத் தண்டனை உண்டு. அரசின் கடமைக்கு 'லாம்' என்னும் விகுதி உண்டு. மறதிநோய் என்ற சொல்லோ அச்சட்டத்தில் இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோக்கில் மேலானது, உரிமைகளைப் பேசுவது. சிந்தனை, மனநிலை, திசையறிவு ஆகியவற்றோடு நினைவின் கடுங்குலைவையும் மனநோய் என்று வரையறுப்பதால், மறதிநோயும் அதனுள் வருகிறது. விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதவரைச் சேர்ப்பதற்கு அச்சட்டம் முதலில் 30 நாள், பிறகு 90, 120, 180 நாள் என்று காலம் வகுக்கிறது. குணமாகி வீடு திரும்புவோரை மனத்திற்கொண்டு, காரணமின்றி ஒருவரை அடைத்து வைக்கும் பழைய கொடுமையைத் தடுக்க எழுதப்பட்ட கணக்கு இது. அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் நாளுக்கு நாள் தேயும் நோயின்முன் அது பொருந்தாமல் நிற்கிறது. அம்மாவுக்கு 'மனநோயாளி' என்ற பெயரும் கூடுகிறது. அதைத் தவிர்க்கத்தான் மகள் இத்தனை ஆண்டுகள் அயலாரிடம் 'கொஞ்சம் மறதி' என்று சொல்லிவந்தாள்.

சேர்த்த பிறகும் பராமரிப்பு முடிவதில்லை; உருமாறுகிறது. பழகும்வரை சில நாள் வரவேண்டாம் என்று சில இல்லங்கள் கேட்டுக்கொள்ளும். பிறகு வாராந்திர வருகை. எப்போது வீட்டுக்குப் போவோம் என்ற கேள்வி. அந்தக் கேள்வியும் நின்றுபோகும் ஒரு நாள். புடவையைக் கட்டத் தெரியாதவருக்கு இரவு உடை மாட்டிவிட்டதைக் கண்டு கலங்கும் மகள், அதே மாதத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் முழு இரவு உறங்கியிருக்கவும் கூடும். இவ்விரண்டையும் ஒருசேர எழுத நம் ஆய்வுமொழி இன்னும் பழகவில்லை. 'குற்றவுணர்வு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 2020இல் பெருந்தொற்று வந்து இல்லங்கள் வருகையாளருக்குக் கதவடைத்தபோது, கைப்பேசித் திரையில் தெரிந்த முகம் எவருடையது என்று அறியாத பெற்றோரிடம் குடும்பங்கள் பேச முயன்றன. வந்து பார்ப்பது வெறும் சடங்கன்று, ஊட்டுவதும் தலைவாருவதும் பழைய பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பதுமான வேலை என்பது, அது நின்றபோதுதான் பலருக்கு விளங்கியது.

இந்த வேலையின் ஆவணங்கள் எந்த அரசு ஆவணக்காப்பகத்திலும் இல்லை. அவை சேர்க்கைப் படிவங்களில், 'உறவுமுறை' என்ற கட்டத்தில், கட்டண இரசீதுகளின் பின்புறக் கணக்குகளில், உடன்பிறந்தோர் தமக்குள் எழுதிக்கொண்ட குறுஞ்செய்திகளில், இரவுப்பணி உதவியாளர் எழுதும் குறிப்பேடுகளில் கிடக்கின்றன. அந்த உதவியாளர்களின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. வாசிக்கும் நண்பர்களிடம் இத்தகைய காகிதங்கள் இருந்தால், குடும்பத்தாரின் இசைவோடு, பெயர்களை மறைத்துப் படியெடுத்து வையுங்கள். எறிந்துவிடாதீர்கள். இல்லங்கள் மூடப்படும்போது முதலில் பழைய தாள்கடைக்குப் போவது சேர்க்கைப் பதிவேடுகளே.