திறந்த இரத்த ஓட்டம் தாழ்ந்த அமைப்பா? நண்டும் கொசுவும் தரும் சான்றுகள்

புதுச்சேரி நகரின் வடக்குக் கடலோரத்தில் உள்ள மீனவர் பகுதி குருசுக்குப்பம். இங்கே வலையில் ஏறும் நீலக்கால் நண்டும், நகரின் சாக்கடைகளில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவும் கணுக்காலிகளே. இரண்டுக்கும் 'திறந்த இரத்த ஓட்டம்' என்று பாடநூல்கள் ஒரே வரியில் எழுதுகின்றன. அது மந்தமானது, முதுகெலும்பிகளின் மூடிய ஓட்டத்துக்குக் கீழ்ப்படியில் நிற்பது என்ற கருத்தும் அதனுடன் மாணவர் மனத்தில் பதிகிறது. அக்கருத்து பிழை என்பது என் வாதம். இவ்விரு உயிர்களிலும் இரத்தத்தின் வேலை ஒன்றல்ல. வேலையைப் பார்க்காமல் குழாயை மட்டும் பார்த்துத் தரம் பிரிக்க முடியாது.

இப்பிழை பழையது. பூச்சிகளில் இரத்தம் சுற்றுவதே இல்லை என்று பிரெஞ்சு அறிஞர் குவியே கருதினார். 1827இல் ஜெர்மானியரான காருஸ் பூச்சிகளில் அந்த ஓட்டத்தை நேரில் கண்டு அறிவித்தார். அதே ஆண்டு பாரிசில் ஓதுவேனும் மில்ன் எட்வர்ட்ஸும் நண்டு, இறால் இனங்களின் இரத்த ஓட்டத்தை விரிவாக வெளியிட்டனர்.

நண்டின் முதுகோட்டுக்கு அடியில், இதயச் சூழ் அறைக்குள், ஒற்றை அறை கொண்ட இதயம் மீள்தன்மையுள்ள தசைநாண்களால் தொங்குகிறது. இதயம் சுருங்கும்போது அந்த நாண்கள் இழுபடுகின்றன. தளரும்போது அவையே இதயத்தை விரிக்கின்றன. அப்போது ஆஸ்டியா என்னும் மூன்று இணைத் துளைகள் திறந்து, சூழ் அறையின் இரத்தம் உள்ளே புகுகிறது. அடுத்த சுருக்கத்தில் துளைகள் மூடிக்கொள்ள, தமனிகள் வழியே இரத்தம் கண்ணுக்கும் மூளைக்கும் கல்லீரல் கணையத்துக்கும் கால்களுக்கும் போகிறது. தமனிகளின் அடியில் வால்வுகள் உண்டு. நரம்பும் ஹார்மோனும் அவற்றை இறுக்கியும் தளர்த்தியும் எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்று தீர்மானிக்கின்றன. துடிப்பை எழுப்புவதோ இதயச் சுவரில் படிந்துள்ள ஒன்பது நரம்புச் செல்கள். இத்தனை கட்டுப்பாடுள்ள அமைப்பை மந்தமானது என்பது எப்படிப் பொருந்தும்?

2002இல் மெகாவும் ரெய்பரும் நீலக்கால் நண்டின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க நீல நண்டின் இரத்த வழிகளை விரிவாக வரைந்து காட்டினர். தமனிகள் கிளைத்துக் கிளைத்து நுண்குழாய்களை ஒத்த அளவுக்கு மெலிகின்றன. அதன் பிறகே இரத்தம் திசு இடைவெளிகளில் பரவுகிறது. அந்த இடைவெளிகளும் தாறுமாறானவை அல்ல. அடிப்புறத்தில் திரளும் இரத்தம் செவுள்களைக் கடந்துதான் இதயச் சூழ் அறைக்குத் திரும்ப முடியும். ஆகவே இதயத்தை அடைவது உயிர்வளி ஏற்ற இரத்தம். உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோசயனின் என்னும் புரதத்தில் செம்பு இருப்பதால் இரத்தம் நீலம் காட்டுகிறது.

குழாய்க்குள் அடைபடாத இரத்தம் என்றால் ஒரு கால் முறிந்ததும் நண்டு வடிந்து சாக வேண்டும். சாவதில்லை. வலைக்கண்ணில் சிக்கிய காலை நண்டு தானே கழற்றிவிடும்; முறிவிடத்தில் முன்பே அமைந்துள்ள சவ்வு இரத்தக் கசிவை உடனே தடுக்கிறது. ஓடு கழற்றும் காலத்தில் நண்டு நீரை உட்கொண்டு உடலை வீங்கச் செய்கிறது. மெத்தென்ற புதிய ஓட்டை உள்ளிருந்து விரிப்பது அந்த நீர்ம அழுத்தமே.

கொசுவில் கதை வேறு. உயிர்வளியை மூச்சுக்குழல்கள் நேரே திசுக்களுக்குக் கொண்டுபோகின்றன; இரத்தம் அந்தச் சுமையிலிருந்து விடுபட்டு உணவு, ஹார்மோன், கழிவு, நோய் எதிர்ப்புச் செல்கள் ஆகியவற்றை ஏந்துகிறது. வயிற்றின் முதுகுப்புறத்தில் துடிக்கும் குழாய் மார்பில் பெருந்தமனியாகித் தலையில் திறக்கிறது. இடையிடையே துடிப்பின் திசையே மாறுகிறது. உணர்கொம்புகளுக்குத் தனித் துடிப்பு உறுப்புகள் உண்டு. தொற்று நேர்ந்தால் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துடிக்கும் குழாயின் ஆஸ்டியாவைச் சுற்றிக் கூடுகின்றன. பாயும் இரத்தம் முழுவதும் வந்துசேரும் வாயிலில் காவல் வைப்பதுபோன்ற ஏற்பாடு இது. நுண்ணுயிர்கள் அங்கே பிடிபடுகின்றன.

ஆனால் இதே திறந்த வெளிதான் யானைக்கால் நோய்ப் புழுவுக்கு வழியாகிறது. கொசு இரவில் உறிஞ்சிய மனித இரத்தத்தோடு வந்த நுண்புழு, குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் இறங்கி, மார்பின் பறப்புத் தசையில் தங்கி வளர்கிறது. ஏறத்தாழ 10 முதல் 14 நாளில் தொற்றுப்புழுவாகி, தசையை விட்டு மீண்டும் உடற்குழியில் இறங்கித் தலையை நோக்கி நகர்ந்து உறிஞ்சுகுழலை அடைகிறது. அங்கே புழு இருப்பதை 1900இல் லோவும், இந்தியாவில் எஸ்.பி. ஜேம்ஸும் தனித்தனியே காட்டினர். மார்புக்கும் தலைக்கும் நடுவே இரத்தம் குழாய்க்குள் அடைபட்டிருந்தால், புழு கடக்க வேண்டிய தடைகள் பெருகியிருக்கும்.

1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நிறுவிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இந்நகரில் யானைக்கால் நோய்க்கு எதிரான ஒருங்கிணைந்த கொசு ஒழிப்புத் திட்டத்தை நடத்தியது. கொசுவைக் குறிவைப்பதன் பயன் புழுவின் வளர்ச்சியிலேயே தெரிகிறது. புழு கொசுவுக்குள் பெருகுவதில்லை. உள்ளே போன ஒன்று தொற்றுப்புழு ஒன்றாகவே முதிர்கிறது. அது முதிரும்வரை கொசு உயிரோடிருக்க வேண்டும். எனவே கொசுவின் எண்ணிக்கையைப் போலவே அதன் ஆயுளும் நோய்ப் பரவலைத் தீர்மானிக்கிறது. புழு முதிருமுன் மடியும் கொசுவால், எத்தனை நுண்புழுக்களை உறிஞ்சியிருந்தாலும், நோயைப் பரப்ப இயலாது.