பாரடைசோ: பர்கூரிலிருந்து அடுப்படிக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர், ஜெகதேவி வட்டாரத்தில் வெட்டும் ஒரு கிரானைட் கல்லுக்குச் சந்தையில் பாரடைசோ என்று பெயர். ஊதாவும் பழுப்பும் கலந்த பட்டைகள் அலையலையாக ஓடும். பூமிக்கடியில் பாதி உருகி மறுபடி உறைந்ததால் வந்த அலை அது. இப்பகுதிப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இதே மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. அப்படிப்பட்ட கல், சமையல் மேடைக்கு வந்த சில வருஷத்தில் விரிசல் விட்டால், கோளாறு பெரும்பாலும் அது வந்த வழியில்தான்.

குவாரியில் துளை போட்டு, வைரத்துகள் மணிகள் கோத்த கம்பியால் பாறையை அறுத்துப் பிளாக்குகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன் கனக்கும். வெடி வைக்கும் இடத்தில் அளவு மிஞ்சினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளேயே தங்கிவிடும். அடுத்து பட்டறை, அங்கே இயந்திர வாள்கள் பிளாக்கை 18, 20 மில்லிமீட்டர் பலகைகளாக அறுக்கின்றன. பாலிஷ் ஏறியதும் லாரி தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து ஓசூர், பெங்களூர் என்று போகிறது.

கடையில் பலகையைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள், கீறல் காட்டிக்கொடுக்கும். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. கறுப்புக் கல்லென்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றியது. கடப்பா கல் மலிவு, ஆனால் சுண்ணாம்புக் கல். எலுமிச்சையும் புளியும் அதன் பளபளப்பை அரித்துவிடும். கிரானைட்டை அவை அப்படித் தொடுவதில்லை.

மேடையின் ஆயுள் பதிக்கும் நாளில்தான் முடிவாகிறது. அடியில் கலவை நிறையாமல் வெற்றிடம் விழுந்தால் அந்த இடத்தில் கல் தாங்காது. விரலால் தட்டுங்கள், பொள்ளென்று ஒலித்தால் எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் ஒடுங்கிய பட்டைதான் முதலில் உடையும். அதற்கு அடியில் தாங்கல் கொடுங்கள், அதன்மேல் தேங்காய் உடைக்காதீர்கள், கொதிக்கும் குக்கரை வைக்காதீர்கள். சிங்க் வெட்டும்போது தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். உலர அறுத்தால் கிளம்பும் சிலிக்கா தூசி, தொழிலாளியின் நுரையீரலை மீளாமல் கெடுக்கும்.

அப்புறம் கல் கேட்பது கொஞ்சம்தான். மிதமான சோப்புத் தண்ணீர், ஈரத்துணி போதும்; பாத்ரூம் ஆசிட் கூடாது. எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் கறையை இழுத்துவிடும்.

சதுர அடி விலையைப் பேரம் பேசும் அக்கறையோடு, அறுப்பவருக்கு முகக்கவசமும் தண்ணீரும் உண்டா என்றும் கேளுங்கள். வெட்டிய மலை மறுபடி வளராது. அதிலிருந்து வந்த பலகை இரண்டு தலைமுறைக்காவது உழைக்கட்டும்.