பேசும் கணினியின் கதை

கண்ணால் படிக்க இயலாதவர் எவ்வாறு படிப்பது என்னும் வினா மிகப் பழையது. அதற்கு அறிஞர் கண்ட விடைகளும் பல. ஆயினும் அவ்விடைகள் நெடுங்காலம் தனிக் கருவிகளாகவே பிறந்தன, தனியிடத்தில் கிடைத்தன, தனி விலைக்கு விற்றன. எல்லாரும் கையாளும் பொதுக் கருவிக்குள்ளேயே அந்த உதவி குடிபுகுந்தது மிக அண்மைக் காலத்தில்தான். மாணவ நண்பர்களே, வெளியே நின்ற உதவி உள்ளே வந்த அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் நாள்தோறும் தட்டும் விசைப்பலகையிலிருந்தே தொடங்கலாம். 1808 ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பெல்லெகிரினோ துர்ரி என்பவர் ஓர் எழுத்துப் பொறியைச் செய்தார். கரோலினா பான்தோனி என்னும் சீமாட்டிக்குப் பார்வை இல்லை. பிறரிடம் சொல்லி எழுதுவிக்காமல் அவர் தாமே கடிதம் எழுத வேண்டும் என்பதே அப்பொறியின் நோக்கம். பொறி மறைந்துபோயிற்று, அதில் அவர் எழுதிய கடிதங்கள் சில எஞ்சியுள்ளன. தட்டச்சுப் பொறியின் மூதாதைகளுள் ஒன்று பார்வையற்ற பெண்மணி ஒருவருக்காகப் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

பின்னர், சிறு பிள்ளையாயிருந்தபோது தந்தையின் தோல் பட்டறையில் காயமுற்றுப் பார்வை இழந்த லூயி பிரெயில், 1829 இல் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டார். பாளையங்கோட்டையில் 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951 இல் ஏற்கப்பட்டது. இவற்றின் பெருமையை விரிக்கப் பொழுது போதாது. ஒரு குறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அச்சில் வந்த நூல் ஒவ்வொன்றையும் மீண்டும் புள்ளியாக மாற்றினால்தான் அது பார்வையற்றவர் கைக்கு வரும். மாற்றுவோர் சிலர், நூல்களோ பல்லாயிரம்.

எனவே, அருகிலிருந்து படித்துக் காட்டுவோரை நம்பியே பலருடைய கல்வி நடந்தது. என் கல்லூரி நாளில் விடுதியில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருந்தார். மாலைதோறும் முறைவைத்து ஒருவர் அவருக்குப் பாடம் படிப்போம். தேர்வு நெருங்கினால் அவரவருக்கு அவரவர் படிப்பு. அவர் நூலை மடியில் வைத்துக்கொண்டு, யாரேனும் வருகின்றாரா என்று காலடி ஓசைக்குச் செவி கொடுத்தபடி அமர்ந்திருப்பார். பிறருக்கு ஒழிந்த நேரமே அவருக்குப் படிக்கும் நேரம்.

1976 இல் அமெரிக்க நாட்டு ரேமண்ட் கர்ஸ்வைல் ஒரு பொறியை அறிமுகப்படுத்தினார். அச்சு நூலைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்தால் அது எழுத்தை அறிந்து உரக்கப் படிக்கும். புகழ்பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் அதனைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொண்டார். மாணவர் வாங்கக்கூடிய விலையில் அது இல்லை.

அடுத்து மேசைக் கணினி வந்தது. தொடக்கத்தில் அதன் திரையில் எழுத்துகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இருபத்தைந்து வரிகள், வரிக்கு எண்பது எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தில் தன் இடத்தில் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் படித்துக் குரலாக மாற்றும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அதன் துணையால் பார்வையற்றோர் பலர் அலுவலகங்களில் பணியில் அமர்ந்தனர். இந்நிலையில்தான் இந்தக் கதையின் பெரிய இடர் நேர்ந்தது.

1984 இல் மெக்கின்டோஷ் கணினியும், 1990 இல் பரவலாக விற்ற விண்டோஸின் மூன்றாம் பதிப்பும் திரையையே ஓவியமாக்கிவிட்டன. எழுத்தும் புள்ளிகளால் தீட்டிய படமாயிற்று. வேண்டியதைச் சுட்டியால் தொட்டுக் காட்ட வேண்டும். கண்ணுள்ளவர்க்கு இது பெரும் எளிமை. திரைவாசிப்பானுக்கோ படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அலுவலகம் புதிய கணினி வாங்கிய அன்றே, நேற்றுவரை திறமையாகப் பணி செய்தவர் செயலற்றுப்போகும் அச்சம் உண்டாயிற்று. முன்னேற்றம் என்று நாம் கொண்டாடும் ஒன்று, ஒரு சாராருக்கு வாயிலை அடைப்பதாகவும் இருக்கக்கூடும்.

இவ்விடரை வென்றவர்களின் உத்தி நயமானது. ஓவியன் ஒருவனுக்கு, 'இங்கே இச்சொல்லை எழுது, அங்கே கட்டம் வரை' என்று கட்டளைகள் போய்க்கொண்டிருக்கின்றன என்று கொள்ளுங்கள். வழியில் ஒருவர் நின்று அக்கட்டளைகளையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டால், ஓவியத்தைப் பாராமலே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? திரைக்குச் செல்லும் கட்டளைகளை இடைமறித்து இவ்வாறு குறிப்பெடுத்தன புதிய திரைவாசிப்பான்கள். மெக்கின்டோஷுக்கு 1989 இல் அவுட்ஸ்போக்கன் வந்தது. விண்டோஸுக்கு ஜாஸ் 1995 இல் வந்தது. ஜாஸை உருவாக்கிய டெட் ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராயிருந்து, 1978 இல் விபத்தில் பார்வை இழந்தவர். அதன்பின் கணினி கற்றவர்.

ஆனால் ஜாஸைத் தனியே, பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நூலகத்துக் கணினியில் அது இருக்காது. நண்பர் வீட்டுக் கணினியிலும் இராது. ஆகவே, 'உள்ளேயே வைத்துத் தந்தால் என்ன?' என்னும் கேள்வியையே நான் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். கை நடுக்கம் உடையவர்க்கும், ஒரு விரலால் மட்டும் தட்டுவோர்க்கும் உரிய வசதிகளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் ஆய்வு மையம் முன்னரே வகுத்திருந்தது. அவை விண்டோஸ் 95 இல் உள்ளடங்கியே வந்தன. விண்டோஸ் 2000 இல் நரேட்டர் என்னும் படிக்கும் குரல் சேர்ந்தது. அது முழுப்பணிக்குப் போதாது என்று அதனை அளித்தவர்களே அறிவித்தனர்! 2005 இல் ஆப்பிள் நிறுவனம் வாய்ஸ்ஓவர் என்னும் முழுமையான திரைவாசிப்பானைத் தன் கணினியோடு கூடுதல் விலையின்றித் தந்தது. 2009 இல் அது ஐபோனுக்கும் வந்தது. தடவிப் பார்க்க ஒரு மேடும் இல்லாத வழவழப்பான கண்ணாடி, விரல் படும் இடத்தைச் சொல்லிக் காட்டலாயிற்று. உள்ளே அமைந்ததன்று எனினும், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் உருவாக்கி இலவசமாக வழங்கிவரும் என்விடிஏ என்னும் மென்பொருளையும் இங்கே சொல்லாமல் விடலாகாது.

இனி நம் தமிழுக்கு வருவோம். தமிழை உரக்கப் படிக்கும் குரல்கள் இப்போது உள்ளன. விண்டோஸில் உள்ள ஒரு தமிழ்க் குரலுக்கு 'வள்ளுவர்' என்றே பெயரிட்டிருக்கின்றனர். ஆனால் குரல் இருந்தால் மட்டும் போதாது. படிப்பதற்குரிய எழுத்தும் வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. வெளியே தெரிவது மட்டும் தமிழ் வடிவம். கண்ணுக்குச் செந்தமிழாகத் தோன்றும் பக்கம் செவிக்கு வெறும் பிதற்றலாக ஒலிக்கும். 1991 இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் அமைந்தன. தமிழக அரசு 2010 இல் அதனை ஏற்றது. பழைய எழுத்துருக்களில் உறங்கும் நூல்கள் இன்னும் எத்தனையோ!

நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால், இரு விசைகளைச் சேர்ந்தாற்போல் அழுத்த இயலாதவர்க்கான வசதி எழும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் மாணவருக்கும் இக்குரல் துணையாகும்.

வகுப்புக் குறிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து நண்பருக்கு அனுப்பும் வழக்கம் உங்களிடையே உண்டு. அப்படத்தில் உள்ள கையெழுத்தை அறியத் திரைவாசிப்பான் தடுமாறும். அதே குறிப்பை நான்கு வரியாக யூனிகோடில் தட்டி அனுப்புங்கள்; என் விடுதி நண்பரைப் போன்ற ஒருவர், யாருடைய காலடிக்கும் காத்திராமல், நள்ளிரவிலும் அதனைப் படித்துக்கொள்வார்.