பழைய லேப்டாப்பும் பிள்ளையவர்கள் நாட்குறிப்பும்

போன மாதம் ஒரு காலையில் என் லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு வருடம் உழைத்த பெட்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பெரியப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த நினைவுகள் அதற்குள்தான் இருந்தன. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள் அல்லவா? 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அந்த நாட்களில் ஊர் இருந்த இருப்பை வாலிபராகப் பார்த்தவர் பெரியப்பா. இப்போது அவர் இல்லை. மறுபடி கேட்க ஆளும் இல்லை.

மூலக்குளத்தில் சாலையோரம் இருக்கும் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். "ஐயா, போர்டுதான் போயிருக்கு. டிஸ்க் நல்லா இருக்கலாம், பாப்போம்" என்றார் கடைத் தம்பி. அடியில் திருகாணிகளைக் கழற்றி, சீட்டுக்கட்டு அளவுள்ள ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, ஒரு யூஎஸ்பி ஒயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். காதை வைத்துக் கேட்டார். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டுமாம், ஓட்ட ஓட்ட இருப்பதும் போய்விடுமாம். நல்லவேளை, சத்தம் இல்லை. ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தன.

பெரியப்பாவின் ஃபைலை மட்டும் காணோம். நகல் என்று நினைத்து என்றோ நானே அழித்திருக்கிறேன். தம்பி கவலைப்படவில்லை. அழித்தால் பெயர்தான் போகும், உள்ளே இருப்பது மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை இருக்கும் என்றார். குமாஸ்தாவுக்கு இது புரியாதா? அட்டவணைப் பதிவேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் ரெக்கார்டு ரூமில் இருக்கும் கட்டு எங்கே போகும்? அதற்கென்று உள்ள மென்பொருளை ஓடவிட்டு எடுத்தார். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி! 2005 வாக்கில் பழைய கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். பாமினியை ஏற்றியதும் தமிழ் வந்தது.

தாளில் எழுதியதும் இப்படிக் கிடந்து மீண்டிருக்கிறது, நம் ஊரிலேயே. துப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரி வரை அது போகிறது. அந்த மாதமே அவர் காலமானார், சில நாளில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய் இடிபட்டது. எண்பத்தைந்து வருடம் கழித்து 1846-ல்தான் அர்மான் கல்லுவா-மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் வம்சத்தார் வீட்டில் அதைக் கண்டெடுத்தார். கண்டெடுத்ததோடு நிற்காமல் பிரதி எடுக்கவும் செய்தார், அதுதான் பெரிய காரியம். எதுவார் ஆரியேல் என்ற இன்னொருவர் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொண்டார். அவர் இறந்தபின் அது பாரீஸ் தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டதற்கும் கைப்பிரதிகளே ஆதாரம். எழுத்து கிடைத்தும் படிப்பது சுலபமில்லை. பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. பேச்சுத் தமிழோடு பிரெஞ்சு, போர்த்துகீசியச் சொற்கள் வேறு கலந்து கிடக்கும். அவர்களுக்கு எந்தப் பாமினி இருந்தது? அப்படியும் இடையிடையே நாட்கள் விடுபட்டே இருக்கின்றன.

பிரதியின் அருமை பிரெஞ்சு ராஜாங்கத்துக்கு முன்பே தெரியும். காலனிகளின் வெக்கையிலும் பூச்சியிலும் யுத்தத்திலும் தாள் தங்காது என்று, 1776 ஜூனில் ஓர் அரசாணை போட்டார்கள். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கும் நொத்தேர் பத்திரங்களுக்கும் ஒரு பிரதி வெர்சாய் போக வேண்டும் என்று. அவை இப்போது எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவும் பாட்டன், முப்பாட்டன் பெயரைத் தேடிப் பிடிப்பது அங்கிருந்துதான். 'கோப்பி கொன்ஃபோர்ம்' என்று முத்திரை குத்திய நகலுக்காக எத்தனை பேர் அலைந்திருக்கிறார்கள்! அந்தச் சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, ஆபீஸில்தான் கற்றுக்கொண்டேன்.

கடையிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். இன்னொரு பிரதியைப் பாரீஸில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். அன்று இரவே போன் செய்தாள்.

"அப்பா, பெரிய தாத்தா கதை மூணாம் பக்கத்துல பாதியில நிக்குதே. கீழூர்லேர்ந்து வந்தவங்க கிட்ட என்னமோ கேட்டேன்னு ஆரம்பிக்கிறார். என்ன கேட்டார்?"

அந்த இடத்துக்கு மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது என்றார் தம்பி. நானே தட்டச்சு செய்ததுதான். எனக்கும் நினைவில்லை.